பேக்கிங் ரூமுக்குப் போன பாடம்

நான் வரலாற்றை விரும்பிப் படிக்கவில்லை. பிளஸ் டூ முடித்ததும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டேன், இடமில்லை என்றார்கள். காமர்ஸ் கேட்டேன், அதுவும் நிரம்பிவிட்டது. விருதுநகரில் அந்தப் பெண்கள் கல்லூரியின் அலுவலக ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர், ஹிஸ்டரி மட்டும்தான் மிச்சமிருக்கிறது, சேருகிறாயா என்று கேட்டார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம் அது. எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். அதனால் என்ன பாடம் என்று யாரும் விசாரிக்கவில்லை. காலேஜ் போகிற பிள்ளை என்பதே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

எங்கள் வீடு சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில். அப்பா மினி லாரி ஓட்டினார். பட்டாசு கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி லோடு இறக்குவது அவர் வேலை. அம்மா ஒரு கம்பெனியின் பேக்கிங் ரூமில் இருந்தாள். வெடிமருந்து புழங்குகிற சின்ன அறைகளில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பேக்கிங் ரூம் அப்படியல்ல, அது நீளமான கொட்டகை. வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து வெடிகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கி லேபிள் ஒட்டுவார்கள். மின்சாரம் கிடையாது, ரேடியோ கிடையாது. கைதான் ஓடும், வாய் சும்மா இருக்கும் என்று அம்மா சொல்வாள்.

மாலையில் நான் வீடு திரும்பும்போது அம்மா எனக்குக் கொஞ்சம் முன்னால் வந்திருப்பாள். முகம் கழுவிவிட்டு வெங்காயம் உரிக்க உட்காருவாள். நான் பையை இறக்கி வைத்ததும், "இன்னைக்கு என்ன நடத்துனாக?" என்பாள். முதல் வருடம் ஒற்றை வரியில் பதில் சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். அவள் விடமாட்டாள். அந்த ராஜா ஏன் தன் அப்பாவையே சிறையில் போட்டான், அவனைப் பெற்றவள் அப்போது உயிரோடு இருந்தாளா, கோட்டைக்குள் தண்ணீர் எங்கிருந்து வந்தது. இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டுமென்றால் வகுப்பில் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தேன். என் படிப்பில் அவளுக்கு ஒரு பிடிப்பு இருக்கிறது, அதனால் கேட்கிறாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் வருடம் முடிந்த கோடை விடுமுறையில் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தட்டச்சு தெரியும் என்பதால் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். முதலில் தினசரி காலண்டருக்கு ராகு காலமும் எமகண்டமும் அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் லேபிள் வடிவமைக்கிற அண்ணனுக்குக் கையில் கட்டு போட நேர்ந்தபோது, நீ செய்து பாரேன் என்று ஒரு சங்குசக்கரப் பெட்டியின் லேபிளை என்னிடம் கொடுத்தார்கள். தோகை விரித்த மயில் ஒன்றைப் போட்டு, தோகையின் கண்களையெல்லாம் தீப்பொறிகளாக மாற்றினேன். அச்சகத்து முதலாளி, எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதை நெடுநேரம் பார்த்தார். நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை. அச்சுக்குப் பிளேட் போடச் சொல்லுங்கள் என்றார்.

சில வாரம் கழித்து அம்மா வேலைவிட்டு வரும்போது, கோணலாக வெட்டுப்பட்டுக் கழித்துப்போட்ட லேபிள் ஒன்றை மடித்துக் கொண்டுவந்தாள். மயில் லேபிள். அவர்கள் ரூமுக்கே வந்திருந்தது. அன்று முழுக்க தான் ஒட்டியது மகள் போட்ட படம் என்று, நான் சொல்லியிருந்த தீப்பொறித் தோகையை வைத்து, அவளுக்கு மதியத்துக்கு மேல்தான் தெரிந்ததாம். அதை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்தாள்.

அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. காலையில் வெறும் வெள்ளையாக இருக்கும் திரை, மாலையில் மஞ்சளும் சிவப்புமாக நிறைந்திருக்கும். நான்கு நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து படமாக மாறுவதைப் பார்ப்பதற்காகவே மிஷின் அருகில் போய் நிற்பேன். ஜூனில் கல்லூரி திறந்த பிறகும் சனி, ஞாயிறுகளிலும் சில சாயங்காலங்களிலும் போய்வந்தேன்.

ஆடி பிறந்ததும் அண்ணாச்சி கூப்பிட்டார். ஆடிப்பெருக்கன்று புதிய காலண்டர் மாதிரிகளை ஆல்பமாக வெளியிடுவது சிவகாசி வழக்கம். அதன் பிறகு ஆர்டர் குவியும்.

"தாயி, ஆல்பம் வெளிய வந்துட்டா மார்கழி வரைக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. படிப்ப விடுன்னு நான் சொல்ல மாட்டேன், அது பாவம். ஆனா அரை ஆள வச்சுக்கிட்டு சீசன ஓட்ட முடியாது. நிரந்தரமா வாரதுன்னா வா. யோசிச்சுச் சொல்லு."

யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. வரலாறு படித்துவிட்டு என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எனக்கு மூத்த செட்டில் படித்த அக்காக்கள் சிலர் பட்டத்தை வைத்துக்கொண்டு கம்பெனி ஆபீஸ்களில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ பிடித்த வேலை ஒன்று, பட்டம் கேட்காமலேயே, தானாக வந்து நின்றது. அப்பாவும் அதைத்தான் சொன்னார். வேலைக்காகத்தானே படிப்பு, வேலையே வந்துவிட்ட பிறகு தினமும் அவ்வளவு தூரம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவானேன் என்றார். முடிவு உன் இஷ்டம் என்றும் சொன்னார்.

அம்மா வெங்காயத்தை உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்ப இனிமே அங்கன போகவே மாட்டியா?"

போகமாட்டேன் என்றேன். அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். டிகிரி இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்களோ என்று கவலைப்படுகிறாள் போலும் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

அப்போது வகுப்பில் ஐரோப்பிய வரலாறு நடந்துகொண்டிருந்தது. பாடம் எடுத்த மேடம் ஒல்லியானவர், தாழ்ந்த குரல். பக்கத்துத் தெருவில் நேற்று நடந்த சங்கதியைச் சொல்வதுபோல் பிரெஞ்சுப் புரட்சியைச் சொல்வார். ரொட்டிக்கு வழியில்லாமல் பெண்கள் கூட்டமாக மழையில் நனைந்துகொண்டு அரண்மனைக்கே நடந்துபோன கதையை நான் வீட்டில் சொன்ன அன்று, அம்மா அதைத் திரும்பவும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். நான் கடைசியாகக் கேட்ட வகுப்பில், அந்த ராஜாவும் ராணியும் பிள்ளைகளோடு வேலைக்காரர்கள்போல வேடம் போட்டு, இருட்டில் ஒரு பெரிய குதிரை வண்டியில் ஏறித் தப்பித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். மணி அடித்துவிட்டது. அதையும் அம்மாவிடம் சொன்னேன். மறுவாரத்திலிருந்து நான் அச்சகத்துக்குப் போனேன்.

நாட்கள் ஓடின. ஆவணி மாதம் ஒரு சாயங்காலம் சிவகாசியிலிருந்து ஊருக்கு வரும் மினி பஸ்ஸில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருக்கும் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மாவோடு ஒரே ரூமில் வேலை பார்ப்பவள். அன்று பல்வலிக்கு லீவு போட்டு டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறாளாம். கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"ஏத்தா, அந்த ராணி ஒரு வழியா பொறந்த வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டாள்ல. அதுக்குப் பெறவுதான் எங்களுக்கு நிம்மதியா இருந்துச்சு."

எந்த ராணி என்று கேட்டேன்.

"அதான், வேலக்காரி வேசம் போட்டு வண்டியில போனாளே. ஒங்கம்மாதான சொல்லுது. பாவம், அங்கன போயும் அவளுக்கு விடியல. இப்ப அண்ணம் பொண்டாட்டி முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டாளாம். எத்தன நாளைக்குத்தான் இங்கன ஒக்காந்து தின்பாகன்னு."

பஸ் திரும்பும்போது நான் கம்பியைப் பிடிக்க மறந்து அத்தை மேல் சாய்ந்துவிட்டேன். மெதுவாக விசாரித்தேன். அத்தை எல்லாவற்றையும் சொன்னாள். மதியம் கம்பெனி வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்ததும் அம்மா தொடங்கிவிடுவாளாம். நான் கல்லூரிக்குப் போன இரண்டு வருடமும் இது நடந்திருக்கிறது. டெல்லி ராஜாக்கள் எல்லோரும் அந்த மரத்தடிக்கு வந்துபோயிருக்கிறார்கள். சூப்பர்வைசர் முதலில் அதட்டிக்கொண்டிருந்தவர், பிறகு தானும் சற்றுத் தள்ளிச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு காது கொடுப்பாராம். ரொட்டி கேட்டு நடந்த பெண்களின் கதையை மட்டும் மூன்று தடவை சொல்லவைத்தார்களாம். ராணி தாய்வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று, அவளைப் பெற்றவள் வாசலில் நின்று அழுதாள், பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சோறு போட்டாள் என்று அம்மா சொன்னபோது இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்குவதைப் பார்த்துப் பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பின்ன என்ன செய்யச் சொல்ற? நீ வண்டியில ஏத்திவிட்டுட்டு நின்னுட்ட. அவளுக தெனமும் கேக்காளுக. எம்புட்டு நாளைக்குத்தான் வண்டி போய்க்கிட்டே இருக்கும்?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா வந்து, என்ன விஷயம் என்று கேட்டும் எங்களால் சொல்ல முடியவில்லை. சிரித்து ஓய்ந்த பிறகு அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிஜமாகவே அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். புத்தகத்தில் இருக்குமே என்றாள். பெட்டிக்குள் போட்டுவைத்திருந்த பாடப்புத்தகத்தை எடுத்துத் தேடினேன். தப்பியோட முயன்ற அரச குடும்பம் எல்லைக்கு அருகில் பிடிபட்டுத் தலைநகருக்குத் திருப்பிக் கொண்டுவரப்பட்டது என்று இருந்தது. வாசித்துக் காட்டினேன். அம்மா அடுத்த வரிக்காகக் காத்திருந்தாள். அடுத்த பத்தி வேறு விஷயத்துக்குப் போய்விட்டது.

"அம்புட்டுத்தானா? யாரு பிடிச்சா? பிள்ளைக என்ன ஆனாக?"

அதெல்லாம் போடவில்லை என்றேன். மேடம் வகுப்பில் சொல்லியிருப்பார்.

கொஞ்ச நேரம் கழித்து, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள்: "நீ வேலைக்குப் போறது எனக்குச் சந்தோசந்தான். படிப்ப முடின்னு ஒன்ன நான் சொல்லல. ஆனா ஒண்ணு தாயி. காலேஜ் விட்டு வாரப்ப வாசல்லயே பேசிக்கிட்டு வருவ. இப்ப வந்ததும் கண்ணு எரியுதுன்னு படுத்துருற."

அது உண்மை. நான் கவனிக்காத உண்மை. அச்சகத்தில் பிடிக்காத எதுவும் நடக்கவில்லை. ஆனால் சீசன் தொடங்கிய பிறகு மயில் போடுவதற்கெல்லாம் நேரம் இல்லை. போன வருடத்துப் படத்தின்மேல் புதுக் கடைப் பெயரை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தேன். வேலை அப்படித்தான் இருக்கும், அதில் எனக்குக் குறையில்லை. பேசுவதற்குத்தான் ஒன்றும் இல்லாமல் போயிருந்தது.

அடுத்த சில நாட்கள் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இதே நினைப்புதான். பட்டத்தால் வேலை கிடைக்குமா என்ற கேள்வியை இதுவரை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்திருந்தேன். அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருந்ததா என்று ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை. பிடித்திருந்தது. வீட்டில் போய்ச் சொல்ல வேண்டுமே என்று பாடத்தைக் கேட்கத் தொடங்கி, எந்த நாளில் என்று தெரியாமல், எனக்காகவே கேட்கத் தொடங்கியிருக்கிறேன். லேபிள் இன்னும் பல வருடம் போடலாம். அந்த மேடம் அந்தப் பாடத்தை எனக்கு எடுப்பது இந்த ஒரு வருடம்தான்.

ஒரு சனிக்கிழமை அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. கடையிலிருந்து கலர் சோடா வாங்கிவரச் சொல்லி எனக்குக் கொடுத்தார்.

"சரி தாயி, நல்லாப் படி. ஆனா நான் வேற ஆளு பாத்துக்கிடுவேன். முடிச்சுட்டு வந்து இந்த எடத்தக் கேக்கக் கூடாது, ஆமா."

கேட்கமாட்டேன் என்றேன். வெளியே வரும் வழியில் மிஷின் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

கல்லூரியில் துறைத் தலைவர் நன்றாகத் திட்டினார். வருகை குறைந்துவிட்டது, இனி ஒரு நாள்கூட லீவு எடுக்கக் கூடாது என்றார். வகுப்பு புரட்சியை முடித்துவிட்டு எங்கேயோ போயிருந்தது. மதிய இடைவேளையில் மேடத்திடம் போய், விட்டுப்போன பகுதியை எனக்குச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். நோட்ஸ் வாங்கி எழுதிக்கொள்ளலாமே என்றார். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னேன். வேப்பமரத்தடி, ராணியின் தாய்வீடு, முணுமுணுக்கும் அண்ணன் பெண்டாட்டி, எல்லாவற்றையும். மேடம் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார் என்றார்.

வழியில் வண்டி பழுதாகித் தாமதமானது. குதிரை மாற்றுகிற இடத்தில் ஒருவன் ராஜாவின் முகத்தை அடையாளம் கண்டுகொண்டான், பணத்தில் அச்சடித்த முகத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தான் என்பார்கள். எல்லைக்குப் பக்கத்தில், ஒரு சின்ன ஊரில் மடக்கிவிட்டார்கள். திரும்பிவரும் வழி நெடுக ஜனங்கள் பேசாமல் நின்று பார்த்தார்கள். பின்னால் முதலில் ராஜாவுக்கு, சில மாதம் கழித்து ராணிக்குத் தலை போயிற்று. மகன் சிறையிலேயே நோயில் செத்தான். மகள் மட்டும் பிழைத்தாள்.

அன்று மாலை அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவள் உரித்த வெங்காயத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். இதை மரத்தடியில் சொல்ல வேண்டாம், உன் கதையே இருக்கட்டும் என்றேன். அவள் கையிலிருந்த வெங்காயத்தை நறுக்கத் தொடங்கினாள்.

மறுநாள் சொல்லிவிட்டாள். அத்தைதான் எனக்கு அதை விவரித்தாள். கேட்டவர்கள் கொஞ்ச நேரம் கையைச் சோற்றில் வைத்தபடி இருந்தார்களாம். ஒருத்தி கோபமாக, அப்படியானால் முதலில் சொன்னது என்ன என்று கேட்டிருக்கிறாள்.

"அது நாஞ்சொன்னது. இது நடந்தது" என்றாளாம் அம்மா.

அப்புறம் ஒரு வாரத்துக்கு அவள்மேல் எல்லோருக்கும் கோபம். அவள் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவர்களே, சரி மேலே சொல்லு என்றார்களாம்.

அந்த வருடம் கதை இரண்டு பக்கமும் போய்வந்தது. மேடம் என்னைப் பார்த்தால், அம்மா கம்பெனியில் என்ன சொன்னார்கள் என்று கேட்பார். ராணிக்குக் கூடப்பிறந்தவன் யாரும் இல்லையா, அவன் ஏன் கேட்க வரவில்லை என்று மரத்தடியில் ஒரு கேள்வி எழுந்தது. அதை நான் மேடத்திடம் கொண்டுபோனேன். அடுத்த வகுப்பை அவர் அந்தக் கேள்வியிலேயே தொடங்கி, அண்ணன் தம்பிகள் ஆண்ட தேசம் பிரான்சோடு எப்படிச் சண்டைக்குப் போனது என்று முடித்தார். அதற்குப் பிறகு எனக்குக் கடைசி வரிசையில் உட்காரத் தோன்றவில்லை.

பெரிய மதிப்பெண் ஒன்றும் வாங்கவில்லை. இரண்டாம் வகுப்பில் தேறினேன். ஐரோப்பிய வரலாற்றுத் தாளில் மட்டும் வகுப்பிலேயே நான்தான் அதிகம். தேர்வு முடிந்ததும் மனது கேட்காமல் பழைய அச்சகத்துப் பக்கம் போனேன். என் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்து ஒரு பூச்சட்டிப் பட்டாசு லேபிளை முடித்துக்கொண்டிருந்தாள். நன்றாகவே செய்திருந்தாள். அண்ணாச்சி சொன்ன சொல் தவறாதவர், இடத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. சில மாதம் வீட்டில் சும்மா இருந்தேன். காலையில் அப்பா லாரியைக் கிளப்பும்போது நான் வெளியே வராமல் இருந்துவிடுவேன்.

பிறகு இன்னோர் அச்சகத்தில், பள்ளிக்கூடச் சுவர்களில் மாட்டுகிற பட அட்டைகள் அச்சடிக்கிறவர்கள், படத்துக்குக் கீழே நாலு வரி எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். பட்டத்தைப் பார்த்தார்களா என்று நினைவில்லை. கோட்டை படம் ஒன்றைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுதினேன். திங்கட்கிழமையே வரச் சொன்னார்கள். எழுதவும் செய்தேன், படத்தையும் நானே அமைத்தேன். இன்றைக்கும் அதே தொழில்தான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. பட்டம் வாங்காமலிருந்தாலும் ஏதாவது ஒரு மயில் போட்டுக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்திருப்பேன். ஆனாலும் திரும்பிப் போனதில் எனக்கு ஒருநாளும் வருத்தம் வந்ததில்லை.

பட்டமளிப்பு விழாவுக்கு அம்மா லீவு போட்டுவிட்டு வந்தாள். பட்டாசு சீசன், லீவு கிடைப்பது கஷ்டம். சூப்பர்வைசர் தானாகவே கொடுத்தாராம். கறுப்பு அங்கியில் என்னைப் பார்த்துவிட்டு, வக்கீல் மாதிரி இருக்கிறாய் என்றாள். மேடத்திடம் கூட்டிப்போனேன். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கேட்காத குரலில் எதையெதையோ பேசினார்கள். அப்பா கொஞ்சம் தள்ளி நின்று, புதுச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது மூவருமாக விருதுநகரில் எண்ணெய் புரோட்டா சாப்பிட்டோம். மொறுமொறுவென்று இருந்ததைச் சால்னாவில் ஊறவைக்கப் பொறுமையில்லாமல் அப்பா அப்படியே கடித்தார். அம்மா தனக்குப் போதும் என்று சொல்லிவிட்டு என் இலையிலிருந்தும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. ஆமத்தூர் வருவதற்குள் தூங்கிவிட்டாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்று பேருமே நேரம் கழித்துத்தான் எழுந்தோம்.